15 கிராம் டியூப் நான்கு மாதமாகியும் முடியவில்லை, மகளின் அரிப்பும் போகவில்லை: ஸ்டீராய்டு களிம்பை எப்படித்தான் பூசுவது?

நிலாவின் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரவு ஒன்றே முக்கால் மணிக்கு இதை எழுதுகிறேன். மகள் இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் முழங்காலின் பின்மடிப்பில் ஈரத்துணியை வைத்து அழுத்தியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையை விட்டால் சொறிகிறாள். தூக்கத்திலும் சொறிகிறாள். அந்தச் சரசரச் சத்தம் அடுத்த அறையில் படுத்திருந்தாலும் என்னை எழுப்பிவிடுகிறது. காலையில் விரிப்பில் கடுகளவு ரத்தப் பொட்டுகள் இருக்கும்.

அவளுக்கு நான்கரை வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் தொடங்கிய கரப்பான், பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, கணுக்கால் என்று இடம் மாறிவிட்டது. தோல் மருத்துவர் அடோபிக் எக்ஸிமா என்றார். உடம்புக்கு மொமெட்டசோன் 0.1% என்ற ஸ்டீராய்டு களிம்பு, இரவில் ஒரு வேளை, தணியும் வரை, ஆனால் பத்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். முகத்தில் வந்தால் அதைவிட மிதமான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் 1%. இவை தவிர, மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு ஒன்றை நாள் முழுவதும் பூசச் சொன்னார்.

மருந்துப் பெட்டியில் ‘மெல்லியதாகத் தடவவும்’ என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தாளில் தோல் மெலிதல், தழும்புக்கோடு, முடி வளர்தல் என்று ஒரு நீண்ட பட்டியல். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பயம். சுண்டு விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, ஈரப்பசைக் களிம்போடு உள்ளங்கையில் குழைத்து, இரண்டு காலுக்கும் அதையே இழுத்துத் தடவுகிறேன். இரண்டு நாளில் சிவப்பு கொஞ்சம் இறங்கும். உடனே நிறுத்திவிடுவேன். மூன்றாம் நாள் இரவு மறுபடியும் தொடங்கிவிடும். இப்படி வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள். நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய 15 கிராம் டியூப் இப்போதுதான் அடிப்பக்கம் வந்திருக்கிறது.

என் அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பேத்தியின் முழங்கை மடிப்பில் வெளுத்த திட்டு ஒன்று தெரிகிறது. ‘உன் களிம்புதான் பிள்ளையின் நிறத்தைத் தின்கிறது’ என்கிறார். அவர் தூங்கிய பிறகுதான் டியூபைத் திறக்கிறேன். போன வாரம் உறவினர் ஒருவர் வேறொரு டியூபைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மருந்து சேர்ந்ததாம், நான்கே நாளில் எல்லாம் மறைந்துவிடுமாம். இன்னும் திறக்கவில்லை. நேற்றிலிருந்து மகளின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சொரசொரப்பு தெரிகிறது.

எவ்வளவு பூச வேண்டும்? எப்போது நிறுத்த வேண்டும்? ஈரப்பசைக் களிம்பு முன்பா பின்பா? இந்த மருந்து அவளுக்கு நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளோடு தினமும் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.


மருந்துப்பெட்டி எழுதியது:

தம்பி, நான் 31 ஆண்டு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, மருத்துவர் பார்த்திருக்கிறார். அவர் எழுதியதை மாற்றச் சொல்ல மாட்டேன். அவர் எழுதியபடி நீங்கள் பூசவே இல்லை என்பதுதான் என் கவலை. 15 கிராம் நான்கு மாதம் வந்தது என்று படித்தவுடனே கணக்குப் புரிந்துவிட்டது.

‘மெல்லியதாக’ என்ற அந்த ஒரு சொல் பலரையும் குழப்பியிருக்கிறது. எவ்வளவு மெல்லியது என்று பெட்டி சொல்வதில்லை. அதற்காகவே ஓர் அளவு இருக்கிறது. 1991 இல் பிரிட்டனில் இரண்டு தோல் மருத்துவர்கள் எழுதிவைத்த அளவு, இன்றும் உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனிக்கு மிக அருகில் இருக்கும் கோட்டிலிருந்து நுனி வரை டியூபை ஒரே கோடாகப் பிதுக்குங்கள். வாய் ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள டியூபாக இருந்தால், ஆண் விரலில் அது ஏறக்குறைய அரை கிராம், பெண் விரலில் 0.4 கிராம். இதை ஒரு விரல்நுனி அளவு என்பார்கள். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்துக்கு ஒரு விரல்நுனி அளவு. குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவரின் விரலும் பெரியவரின் உள்ளங்கையும்தான் கணக்கு. குழந்தையின் விரலை வைத்து அளக்கக் கூடாது.

நாளை அவள் தூங்கும்போது உங்கள் உள்ளங்கையை, தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு திட்டின் மேலும் வைத்துப் பாருங்கள். முழங்கையில் அரைக் கையா, முழங்காலில் ஒரு கையா என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் எத்தனை விரல்நுனி என்று வந்துவிடும். உடம்பு முழுவதும் பரவியிருந்தால் வயதுக்கேற்ற கணக்கு இருக்கிறது: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கை முழுவதற்கும் இரண்டு, ஒரு கால் முழுவதற்கும் பாதத்தோடு மூன்று. உங்கள் மகளுக்கு அவ்வளவு தேவைப்படாது; திட்டு இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் மருந்து. நல்ல தோலுக்கு ஈரப்பசை போதும்.

அடுத்தது, எப்போது நிறுத்துவது. இதில்தான் பெரும்பாலான பெற்றோர் சறுக்குகிறார்கள். நீங்கள் நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறீர்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கரப்பானின் சிவப்பு முழுதாகத் தெரிவதே இல்லை. கரும்பழுப்பாகவோ சாம்பல் பூத்தது போலவோ தெரியும். மருந்து போட்ட இரண்டாம் நாள் மேல் சிவப்பு இறங்கும், அடியில் அழற்சி அப்படியே இருக்கும். அழற்சி முழுதும் போன பிறகும் கருமையோ வெளுப்போ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே நிறம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். கண்ணை மூடிக்கொண்டு விரல் புறத்தால் தடவிப் பாருங்கள். திட்டு இருக்கும் இடமும் பக்கத்துத் தோலும் விரலுக்கு ஒன்றுபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். தடிப்பும் சொரசொரப்பும் இருக்கக் கூடாது. பிள்ளை அங்கே கை கொண்டு போகக் கூடாது. அதுதான் தணிந்ததற்கு அடையாளம். மருத்துவர் சொன்ன பத்து நாளுக்குள் அந்த நிலை வந்துவிட்டால் நிறுத்துங்கள். வராவிட்டால் பதினோராம் நாள் நீங்களாகத் தொடராதீர்கள், அவரிடம் போங்கள்.

உங்கள் அம்மா காட்டும் அந்த வெளுப்பு, பெரும்பாலும் அழற்சி விட்டுப்போன சுவடு. வீரியமான ஸ்டீராய்டை நெடுநாள் பூசினாலும் தோல் வெளுக்கலாம் என்பது உண்மை. ஆனால் வாரம் இரண்டு பொட்டு பூசிய இடத்தில் நான் முதலில் நினைப்பது கரப்பானைத்தான். மருத்துவரிடம் அடுத்த முறை அதைக் காட்டுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள், அவரே கேட்கட்டும். மறைத்துப் பூசுவது வேண்டாம் தம்பி. வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் போடும் மருந்து ஒரு நாள் விட்டுப்போகும், அல்லது இரண்டு பேரும் பூசிவிடுவீர்கள்.

ஈரப்பசைக் களிம்போடு குழைப்பதை இன்றே விட்டுவிடுங்கள். குழைத்தால் மருந்து எங்கே எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. எது முதலில் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் 15 முதல் 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே ஈரப்பசைக் களிம்பு. அரை மணி கழித்து, படுக்கும் முன், திட்டுகளில் மட்டும் மருந்து. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக வழித்து விடுங்கள். அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்களில் கொப்புளம் வரும்.

ஈரப்பசைக் களிம்பு மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லுங்கள்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். மொமெட்டசோனை அங்கே கொண்டு போகாதீர்கள். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லியது. மருந்தை அதிகம் உறிஞ்சும். கண்ணைச் சுற்றி வீரியமான ஸ்டீராய்டு நெடுநாள் போனால் கண்ணின் உள் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். ஹைட்ரோகார்டிசோன் முகத்துக்கு எழுதியது என்றாலும் கண்ணோரம் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு இரண்டு வயதுக்கு மேல் கொடுப்பது உண்டு. முகத்துக்கும் மடிப்புக்கும் பல மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள். தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், பிள்ளை அழும், அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பூசிய இடத்தில் வெயில் அதிகம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் அவர் சொல்லட்டும்.

உறவினர் கொடுத்த டியூபைத் திறக்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை இங்கே எழுதுங்கள்.


தென்றல் எழுதியது:

அண்ணா, அந்த மூன்று மருந்து டியூபைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு அப்போது 22 வயது. கன்னத்தில் வட்டமாக ஒரு அரிப்பு வந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டிலிருந்த டியூபைக் கொடுத்தார். மூன்று நாளில் மறைந்தது, உண்மைதான். நிறுத்தியதும் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. மறுபடி பூசினேன். இப்படி 14 மாதம். கடைசியில் ஒரு நாள் பூசாமல் இருந்தாலும் முகம் அடுப்புக்கு அருகில் நிற்பது போல் எரியும். கன்னத்தில் சிவப்பு நூல் போல் ரத்தக் குழாய்கள் தெரிந்தன. வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள். பக்கத்தில் யாராவது வந்து பேசினால் கையை முகத்துக்குக் கொண்டு போய்விடுவேன்.

தோல் மருத்துவர் டியூபை வாங்கிப் படித்தார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அவற்றோடு க்ளோபெட்டசால். ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது அது. நான் பூசியதோ முகத்தில். எனக்கு இருந்தது கரப்பானே இல்லை, படர்தாமரை. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கியதால் பூஞ்சை உள்ளே சுகமாகப் பரவியிருக்கிறது; வட்டத்தின் விளிம்பு அழிந்துபோனதால் பார்ப்பவர்களுக்கும் அடையாளம் தெரியவில்லை. குணமாக எட்டு மாதம் ஆயிற்று. முதல் ஆறு வாரம் முகம் வீங்கி, தோல் உரிந்து, வேலைக்கே போகவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு ஸ்டீராய்டே கூடாது என்று என் அக்கா தன் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த களிம்பை வீசி எறிந்தாள். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் சொறிந்து, புண்ணில் கிருமி சேர்ந்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தது. என் தவறு மருந்தின் பெயரில் இல்லை. பெயரே தெரியாமல் பூசினேன், முகத்தில் பூசினேன், நாள் கணக்கே வைக்கவில்லை, நோய் என்னவென்று யாரிடமும் காட்டவில்லை. உங்கள் கையில் மருத்துவர் எழுதிய பெயரும் அளவும் நாளும் இருக்கின்றன. எனக்கு அவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.


நிலாவின் அப்பா எழுதியது:

இருவருக்கும் நன்றி. அந்த டியூபின் பின்பக்கத்தைப் படித்தேன். தென்றல் சொன்னதேதான்: க்ளோபெட்டசால், ஒரு பூஞ்சை மருந்து, நியோமைசின் என்ற பாக்டீரியா மருந்து. பாலித்தீன் உறையில் சுற்றி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். உறவினரிடமும் தொலைபேசியில் சொன்னேன். அவர் வீட்டிலும் அதைத்தான் கழுத்தில் பூசுகிறார்களாம்.

மருந்துப்பெட்டி அம்மா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு உள்ளங்கையை வைத்து அளந்தேன். முழங்கை மடிப்பு ஒவ்வொன்றும் அரைக் கை. முழங்காலின் பின்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு கை. மணிக்கட்டும் கணுக்காலும் எல்லாம் சேர்ந்து ஒரு கை. மொத்தம் நான்கு கை, அதாவது இரண்டு விரல்நுனி, ஒரு கிராம். ஒரு நாளைக்கு ஒரு கிராம் என்றால் இந்த டியூப் பதினைந்தே நாளில் முடிந்திருக்க வேண்டும்! பூசிய நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் போட்டிருக்கிறேன். இதைக் கணக்கிட்டுவிட்டு வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து பயந்து அவளை நான்கு மாதம் சொறிய விட்டிருக்கிறேன்.

ஈரப்பசைக் களிம்பு மாதத்துக்கு 100 கிராம் டப்பா ஒன்று. காலையும் மாலையும் பூசுகிறோம்.

ஒரு சந்தேகம். ஒரு கிராம் என்று பார்க்கும்போது அதிகமாகத் தெரிகிறது. விரலில் பிதுக்கிப் பார்த்தேன், கை நடுங்கியது. உண்மையாகவே தோல் மெலிந்துவிடாதா?


மருந்துப்பெட்டி எழுதியது:

தம்பி, உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து அதன்படி நடந்தீர்கள். இதே கணக்கை நான் கவுண்டரில் நின்று எத்தனையோ பெற்றோருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லோர் முகமும் இப்படித்தான் மாறும்.

தோல் மெலிதல் கட்டுக்கதை இல்லை. ஆனால் எப்போது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கரப்பானுக்கு ஸ்டீராய்டு பூசும் முறைகளைப் பற்றி 2022 இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், தோல் மெலிவைக் கவனித்த சோதனைகளில் 2,266 பேர் இருந்தார்கள். மெலிவு கண்டது 26 பேருக்கு. அவர்களில் 16 பேர் மிக வீரியமான வகை பூசியவர்கள். அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை குறுகிய காலத்துக்கு நடந்தவை. ஆண்டுக்கணக்கில் பூசுகிறவர்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் உங்கள் மருத்துவர் சொன்னது பத்து நாள். அதே தொகுப்பில் இன்னொன்றும் உண்டு: வீரியமான வகையை நாளுக்கு ஒரு வேளை பூசினாலே போதும், இரண்டு வேளை பூசியதால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே அரிப்பு அதிகமாக இருக்கிறதே என்று காலையிலும் ஒரு முறை பூசிவிடாதீர்கள்.

வீரியத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரோகார்டிசோன் 1% மிதமானதிலும் மிதமானது. க்ளோபெட்டசோன் அதற்கு அடுத்த படி. பீட்டாமெத்தசோன் வாலரேட், மொமெட்டசோன் இவை வீரியமானவை. க்ளோபெட்டசால் உச்சி. க்ளோபெட்டசோனும் க்ளோபெட்டசாலும் ஓரெழுத்து வித்தியாசம் போலக் காதில் விழும்; இரண்டு படி வித்தியாசம். கடையில் வாங்கியதும் சீட்டையும் டியூபையும் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சதவீத எண் பெரிதாக இருந்தால் வீரியம் அதிகம் என்றும் நினைக்காதீர்கள். 1% ஹைட்ரோகார்டிசோனைவிட 0.05% க்ளோபெட்டசால் பல மடங்கு வலியது.

மூடிக் கட்டுவதும் வீரியத்தைக் கூட்டும். மேலே பிளாஸ்டிக் உறை, இறுக்கமான கட்டு, குழந்தைக்கு டயப்பர், இவையெல்லாம் மருந்தை உள்ளே தள்ளும். மருத்துவர் சொல்லாமல் மருந்தின் மேல் எதையும் சுற்றாதீர்கள். நீங்கள் ஈரத்துணி வைத்து அழுத்துவது அரிப்புக்கு நல்லதுதான். மருந்து பூசியவுடனே அதே இடத்தில் வேண்டாம்.

இப்போது அந்த 100 கிராம் டப்பா. அதுதான் உங்கள் வீட்டின் உண்மையான பற்றாக்குறை. கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஈரப்பசைக் களிம்பு வாரத்துக்கே 250 கிராம் வரை தேவைப்படும். நீங்கள் மாதத்துக்கு 100 பூசுகிறீர்கள். இந்தப் பிள்ளைகளின் தோல் நீரைப் பிடித்து வைக்கத் தெரியாத தோல். பலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறப்பிலேயே குறைவு. மரபணுவில் இருக்கும் அந்தக் குறைக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை 2006 இல் கண்டுபிடித்தார்கள். செங்கல் இருக்கிறது, நடுவில் பூச்சு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சை நாள்தோறும் நாம்தான் வெளியிலிருந்து போட வேண்டும். மருந்து தீயை அணைக்கும். பூச்சு இல்லாவிட்டால் மறுபடியும் பற்றும். பெரிய டப்பாவாக வாங்குங்கள், அழுத்திப் பிதுக்கும் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. டப்பாவாக இருந்தால் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள்.


கைத்தறி எழுதியது:

இந்த இழையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எனக்குக் கைகளில் 11 ஆண்டாகக் கரப்பான். துப்புரவுப் பணி, நாள் முழுவதும் தண்ணீரும் சோப்பும். விரல் இடுக்குகளில் வெடித்து, பொத்தான் போடக் கூட முடியாத நாட்கள் இருந்தன.

நான் கற்றுக்கொண்டது, களிம்பு, க்ரீம் என்ற இரண்டும் ஒன்றில்லை என்பது. எனக்கு முதலில் க்ரீம் கொடுத்தார்கள். வெடிப்பில் பட்டால் எரியும், பாத்திரம் கழுவினால் போய்விடும். பிறகு அதே மருந்து எண்ணெய்ப் பிசுக்குள்ள களிம்பாகக் கிடைத்தது. காய்ந்து தடித்த தோலுக்கு அதுதான் பிடித்தது. அதில் தண்ணீர் இல்லாததால் பதப்படுத்தும் பொருளும் குறைவு என்று மருந்தாளுநர் சொன்னார். நீர் கசியும் இடத்துக்கு க்ரீம் நல்லது என்பதும் அவர் சொன்னதுதான். என்னென்ன ஒவ்வாமை என்று முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தபோது, எனக்கு ஒத்துக்கொள்ளாதது நியோமைசின் என்று தெரிந்தது. அது இருந்த களிம்பைத்தான் வெடிப்புக்கு மருந்து என்று மூன்று மாதம் பூசியிருந்தேன். பூசப் பூச மோசமானால் நோய் முற்றுகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். களிம்பே ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. ஈரப்பசைக் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பலமுறை துவைத்தாலும் முழுதும் போவதில்லை. அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் பக்கம் பிள்ளையின் இரவு உடையும் விரிப்பும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையும் வழுக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.


மருந்துப்பெட்டி எழுதியது:

கைத்தறி சொன்ன தீ விஷயத்தை நான் மறந்தே போனேன். நன்றி ஐயா.

தம்பி, ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். திட்டின் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், நீர் கசிந்தால், சுற்றிலும் சூடாக வீங்கினால் கிருமி சேர்ந்திருக்கிறது, அன்றே காட்டுங்கள். அச்சில் குத்தியது போல் ஒரே அளவில் குழிக் குழியான புண்களோ நீர்க்கொப்புளங்களோ கூட்டமாக வந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண்ணருகில் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.


நிலாவின் அப்பா எழுதியது (19 நாள் கழித்து):

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தூங்கிக்கொண்டிருந்தோம், அதுதான் உண்மை.

மறுநாளே மருத்துவரைப் பார்த்தோம். அம்மாவும் வந்தார். வெளுத்த திட்டைப் பற்றி அவரே கேட்டார். மருத்துவர் மகளின் முழங்கை மடிப்பை அம்மாவின் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னார். வெளுத்த இடம் வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் நிறம் மாறாத இடம்தான் மணல் போல் இருந்தது. அம்மா இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றித் தடவினார். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ‘எத்தனை மணிக்குப் பூச வேண்டும்?’ என்று கேட்டார்.

கண்ணுக்குக் கீழே டாக்ரோலிமஸ் 0.03% எழுதினார். முதல் மூன்று நாள் எரிச்சல் என்று அழுதாள். பூசும் முன் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூசினோம். நான்காம் நாள் அழவில்லை.

உடம்புக்கு மொமெட்டசோன், இரவில் இரண்டு விரல்நுனி, ஒரே வேளை. நாட்காட்டியில் அம்மாதான் கோடு போட்டார். இரண்டாம் நாள் சிவப்பு இறங்கியபோது வழக்கம்போல் என் கை நின்றது. கண்ணை மூடித் தடவினேன். முழங்காலுக்குப் பின்னால் இன்னும் சொரசொரப்பு. தொடர்ந்தேன். முழங்கை ஐந்தாம் நாள் வழவழத்தது, முழங்கால் எட்டாம் நாள். கணுக்கால் மட்டும் பத்தாம் நாளும் தடிப்பாகவே இருந்தது. நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் நான்கு நாள் என்றார்.

ஈரப்பசைக் களிம்பு இப்போது 500 கிராம் பம்ப். முதல் டப்பா 15 நாளில் முடிந்தது. காலையில் என் மனைவி, மதியம் அம்மா, குளித்ததும் நான். மகள் தன் பொம்மைக்கும் பூசுகிறாள், விரல்நுனிக் கோடு போட்டுத்தான்.

ஆறாம் நாள் இரவு நான் பழக்கத்தில் ஒரு மணிக்கு விழித்துக்கொண்டேன். சரசரச் சத்தம் இல்லை. பயந்துபோய் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படி விரிந்து கிடந்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நினைவில்லை.

நேற்று மணிக்கட்டில் மீண்டும் கொஞ்சம் அரிப்பு. அடிக்கடி திரும்பி வரும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மருந்து பூசி, வராமல் காக்கும் முறை ஒன்று இருப்பதாகப் படித்தேன். இது அவளுக்குப் பொருந்துமா, மருந்துப்பெட்டி அம்மா?


மருந்துப்பெட்டி எழுதியது:

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது தம்பி. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த முறை உண்மைதான். தணிந்த பிறகு, வழக்கமாகத் திரும்பும் இடங்களில், வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் பூசுவது. நான் சொன்ன அதே காக்ரேன் தொகுப்பில், இப்படிச் செய்தவர்களில் மீண்டும் பொங்கியவர்கள் 25%, செய்யாதவர்களில் 58%. ஆனால் எந்த இடம், எந்த மருந்து, எத்தனை மாதம், எப்போது மறுபார்வை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தோல் முழுதும் தணிந்த பிறகுதான் இதைத் தொடங்குவார்கள். மணிக்கட்டு இப்போது அரிக்கிறது என்றால் அது முதலில் தணியட்டும்.

டியூபின் மடிப்பில் காலாவதித் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டியூபின் மிச்சத்தை வைத்திருக்க வேண்டாம்.


நிலாவின் அப்பா எழுதியது:

வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நாட்காட்டியையும் எடுத்துப் போகிறோம். உறவினர் வீட்டிலிருந்தும் ஒருவர் வருகிறார், கழுத்தில் பூசிய அந்த டியூபைக் கையோடு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.